உங்கள் பிள்ளையின் மூளைக்கு இன்னும் வேலை முடியவில்லை

“போன வருசம் வரைக்கும் சொன்ன பேச்சக் கேட்ட பிள்ளைதான் சார். இப்ப எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுறான்.”

“இங்க படிச்சப்ப கெட்டிக்காரியா இருந்தா சார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மந்தமாயிட்டா. மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது.”

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் எவரும் இந்த இரண்டு குறைகளையும் கேட்காமல் ஓர் ஆண்டைக் கடத்த முடியாது. நம்மிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் பெற்றோர் கோயில் திருவிழாவிலோ கடைத்தெருவிலோ நம்மை நிறுத்திச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி வரும். “படிப்ப நிறுத்திட்டு ஏதாச்சும் வேலையில சேர்த்து விட்டுறலாமா சார்?”

அன்புள்ள பெற்றோர்களே! ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிடக்கூடிய கேள்வி இது. விடை சொல்லும் முன்பு, 12 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்று வழியிருக்கிறது.

பாதி வழியில் மாறும் வண்டி

நான் குடியிருப்பது பினாங்கில், ஆயர் ஈத்தாமில். பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துத் தோட்டப்பள்ளிக்குப் போய் வருகிறேன். ஆயர் ஈத்தாம் என்றதும் உங்களில் பலருக்குக் கேக் லோக் சி கோயிலும் கொடிமலை ரயிலும் நினைவுக்கு வரும். 1923இல் ஓடத் தொடங்கிய அந்தப் பழைய மலை ரயிலில் ஒரே வண்டியில் உச்சிக்குப் போய்விட முடியாது. பாதி மலையில் இறங்கி, வேறு வண்டியில் ஏற வேண்டும். 2011இல் புதிய ரயில் வந்த பிறகுதான் அடிவாரத்தில் ஏறியவர் நேரே உச்சியில் போய் இறங்குகிறார்.

நம் பிள்ளைகளின் படிப்புப் பயணம் அந்தப் பழைய ரயிலைப் போன்றது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பிறகு மலாய்மொழியில் பாடம் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளி. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன்பு புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வருவது நெடுங்காலமாக நடந்துவந்த ஏற்பாடு. தோட்டத்துப் பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் பெயர் சொல்லி அழைத்த பிள்ளை, பட்டணத்துப் பள்ளியில் ஆயிரம் பேரில் ஒருவராகி விடுகிறது.

இந்த வண்டி மாற்றம் நடக்கும் அதே 12, 13 வயதில்தான் உடம்பும் பருவம் அடைகிறது. அதே வயதில்தான் மூளையும் தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்குகிறது. பள்ளி, உடம்பு, மூளை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் மாறினால் எந்தப் பிள்ளைதான் கொஞ்சம் தடுமாறாது?

காட்டுப் பாதையும் தார் ரோடும்

ஆறு வயதிலேயே பிள்ளையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இதனால்தான் மூளை வளர்ச்சி சின்ன வயதிலேயே முடிந்துவிடுகிறது என்று முன்பு பலரும் எண்ணினார்கள். அளவு வளர்ந்துவிடுவது உண்மை. ஆனால் உள்வேலை இன்னும் பல ஆண்டுகளுக்கு நடக்கிறது.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று கைகோத்துச் செய்தி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. பிள்ளைப் பருவத்தில் இந்த இணைப்புகள் தேவைக்கு மேலாகவே பெருகியிருக்கும். சிக்காகோவில் பணியாற்றிய பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிப் பார்த்து, வளர வளர இந்த இணைப்புகள் குறைகின்றன என்று 1979இல் எழுதினார். குறைவது கேடு என்று நினைக்காதீர்கள். பால்மரக் காட்டில் எங்கு வேண்டுமானாலும் ஒற்றையடிப் பாதை போடலாம். தினமும் ஆள் நடக்கும் பாதை நிலைக்கும். நடக்காத பாதையை லாலான் புல் மூடிவிடும். மூளையும் அப்படித்தான். பயன்படும் இணைப்பை வைத்துக்கொண்டு பயன்படாததைக் கழித்துவிடுகிறது.

உயிரோடிருக்கும் பிள்ளைகளின் மூளையைக் காந்தப் படம் எடுத்துப் பார்க்கும் கருவி வந்த பிறகு இது இன்னும் தெளிவாயிற்று. அமெரிக்காவில் ஜே கீட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளை ஈராண்டுக்கு ஒருமுறை அழைத்துப் படம் எடுத்து வந்தார்கள். 1999இல் வெளியான அவர்களின் ஆய்வு ஒரு செய்தியைச் சொன்னது. மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல் நிறப் பொருள், பெண் பிள்ளைகளுக்கு 11 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு குறையத் தொடங்குகிறது. பாதைகளைக் கழிக்கும் வேலை அங்கே அந்த வயதில்தான் மும்முரமாகிறது என்று அறிஞர்கள் இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

இன்னொரு வேலையும் கூடவே நடக்கிறது. நிலைத்துவிட்ட நரம்புகளின்மேல் கொழுப்பாலான ஓர் உறை படிகிறது. மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உறை போட்ட நரம்பில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். செம்மண் பாதை தார் ரோடு ஆவதற்குச் சமம் இது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தார் போடுவதில்லை. பார்ப்பது, கை கால் அசைப்பது போன்ற வேலைகளுக்கான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. அங்கே வேலை முடிய இருபது வயதுக்கு மேல் இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

இந்த ஆராய்ச்சியில் நம்மவர் மண்ணுக்கும் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை அணு அணுவாகப் பிரித்துக் காட்டும் படத்தொகுப்பை அந்த மையம் ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. கருவில் தொடங்கும் அந்தக் கட்டட வேலைதான் உங்கள் வீட்டுப் பதினாறு வயதுப் பிள்ளைக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கிராணி

கடைசியில் முதிரும் அந்தப் பகுதிக்கு என்ன வேலை? 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் மண்டோராக இருந்தவர் ஃபினியஸ் கேஜ். பாறைக்கு வெடிமருந்து திணிக்கும்போது அது வெடித்து, கையிலிருந்த இரும்புக் கம்பி அவர் கன்னத்தின் வழியாகப் புகுந்து உச்சந்தலையைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார். பேசினார், நடந்தார். பழைய நினைவும் இருந்தது. ஆனால் பொறுப்பாக வேலை வாங்கிய மனிதர், முன்கோபமும் ஒரு திட்டத்தில் நிலைத்து நிற்காத குணமும் உள்ளவராக மாறிப்போனார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் எழுதி வைத்தார்.

நெற்றிப் பகுதியின் வேலை என்னவென்று இதிலிருந்தே ஊகிக்கலாம். பின்னால் வருவதை முன்கூட்டி எண்ணுவது, ஆத்திரத்தை அடக்குவது, இன்றைய ஆசையை நாளைய நன்மைக்காக ஒத்திப்போடுவது ஆகியவை அதன் கணக்கில் வருகின்றன. தோட்டத்தில் கிராணி கணக்கைச் சரிபார்த்த பிறகுதான் பணம் கை மாறும். மூளையின் கிராணி அந்த நெற்றிப் பகுதி.

குமரப் பருவத்தில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஆசையையும் அச்சத்தையும் கிளப்பும் பகுதிகள் மூளையின் ஆழத்தில் இருந்துகொண்டு பருவ மாற்றத்தோடு விறுவிறுப்பாகி விடுகின்றன. கிராணியோ இன்னும் வேலை பழகும் நிலையில் இருக்கிறார். அதனால்தான் பதினான்கு வயதுப் பையன் காலையில் அறிவாளிபோலப் பேசுகிறான், மாலையில் கதவை ஓங்கி அறைந்து சாத்துகிறான். இரண்டும் அவனேதான்.

ஒரு நூலும் ஒரு கல்லும்

இந்த வயதில் சிந்தனை எப்படி மாறுகிறது என்பதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலில் கல்லைக் கட்டி ஊஞ்சல்போல ஆட விடுங்கள். “இது வேகமா ஆடணும்னா என்ன செய்யணும்?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றிய பேர்பல் இன்ஹெல்டர் அம்மையாரும் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி இது. அதன் முடிவுகள் 1955இல் நூலாக வந்தன. எட்டு வயதுப் பிள்ளை கல்லையும் மாற்றும், நூலையும் மாற்றும், வேகமாகத் தள்ளியும் விடும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு புதிய திறன் தலைகாட்டுகிறது. ‘நூலை அப்படியே வைத்துக் கல்லை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பிறகு கல்லை அப்படியே வைத்து நூலை மட்டும் மாற்றுவோம்’ என்று பிள்ளை தானே யோசிக்கும். நூலைக் குட்டையாக்கினால்தான் வேகமாக ஆடும், கல்லின் கனத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிடும்.

கண்ணால் காணாத ஒன்றை ‘இப்படி இருந்தால்?’ என்று எண்ணிப் பார்க்கும் இந்தத் திறன்தான் இயற்கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அடிப்படை. எதிர்ப்பேச்சுக்கும் இதுவே அடிப்படை! “நீங்க மட்டும் கைத்தொலைபேசி பார்க்கலாம், நான் பார்க்கக்கூடாதா?” என்று மகள் கேட்கிறாள் என்றால், ஒரு விதியை எடுத்து எல்லாருக்கும் பொருத்திப் பார்க்க அவள் மூளை கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். மரியாதைக் குறைவைக் கண்டியுங்கள். கேள்வியை அடக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் திறன் ஒரே வயதில், எல்லாப் பாடத்திலும் வந்துவிடாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பியாஜேயே 1972இல் எழுதிய கட்டுரையில், அவரவருக்குப் பழக்கமான துறையில்தான் இது முதலில் வெளிப்படலாம் என்று ஒப்புக்கொண்டார். கணக்கில் தேறாத பையன், உயிர் பிடிக்காத மோட்டார் சைக்கிளுக்கு முன் உட்கார்ந்து, முதலில் பிளக்கை மட்டும் மாற்றி, அது சரிப்படாவிட்டால் காபுரேட்டரைக் கழற்றுகிறானே, கவனித்திருக்கிறீர்களா? அதுவும் நூலும் கல்லும் சோதனைதான். அவனை ‘மண்டு’ என்று அழைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மொழி மாறியதால் வாயடைத்துப்போன பிள்ளையும் மண்டு இல்லை. ஆறு ஆண்டு தமிழில் யோசிக்கப் பழகிய பிள்ளை, அந்த யோசனையைத்தான் மலாய்மொழிக்குக் கொண்டு போகிறது. சொற்கள் சேரக் காலம் பிடிக்கும். அதுவரை அது பேசாமல் இருப்பதைப் பார்த்து அறிவில்லை என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. வீட்டில் அன்று படித்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கக் காது இருந்தால் போதும்.

கூட்டாளி பார்க்கும்போது

“தனியா இருந்தா தங்கமான பையன் சார், கூட்டாளிங்களோட சேர்ந்தாத்தான் கெட்டுப்போறான்.” இதை எத்தனையோ தாய்மார்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது.

லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் மார்கோ கார்ட்னரும் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சிலர் தனியே ஓட்டினார்கள், மற்றவர்கள் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்க ஓட்டினார்கள். பார்வையாளர் இருந்தபோது அவர்கள் துணிந்து ஆபத்தில் இறங்குவது பெருமளவு கூடியது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அப்படி மாற்றம் ஏதும் தெரியவில்லை.

இதே பேராசிரியரும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியா, தாய்லாந்து உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரை உள்ள ஐயாயிரத்துக்கும் அதிகமானோரைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதை ஒட்டியே பெரியவர்களின் நிலையை எட்டிவிடுகிறது. ஆத்திரமோ ஆசையோ கூட்டமோ சூழ்ந்திருக்கும்போது தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் அதைவிடப் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது.

நம் நாட்டுச் சட்டங்களைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் உரிமம் 16 வயதில் எடுக்கலாம். வாக்களிக்கும் வயது 2021 டிசம்பரிலிருந்து 18. மதுபானம் வாங்கும் வயதோ 2017 டிசம்பரிலிருந்து 21. வாக்குச் சீட்டைத் தனியே நின்று யோசித்துப் போடலாம். போத்தலை யாரும் அப்படித் தனியே யோசித்துத் திறப்பதில்லை. ஆகவே உரிமம் எடுத்த மகனிடம் “மெதுவாப் போ” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பின்னால கூட்டாளிய ஏத்திக்கிட்டு ராத்திரியில போகாத” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபத்து அங்கேதான் அதிகம்.

குண்டர் கும்பல்கள் 14, 15 வயதுப் பையன்களை வளைப்பதற்கும் காரணம் இதுவே. கூட்டத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று அந்த வயது மூளை துடிக்கிறது. காற்பந்துக் குழு, தேவாரக் குழு, சாரணர் படை, உறுமி மேளம், எதுவானாலும் நல்ல கூட்டம் ஒன்றில் பிள்ளைக்கு இடம் தேடிக் கொடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் கெட்ட கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தூக்கமும் சோறும்

பெரட்டுக்குப் போக விடியற்காலை நான்கரை மணிக்கு எழும் தாய்க்கு, பிள்ளை எழ மறுப்பது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். ஆனால் பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகவே ஊறுகிறது. சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் எளிதில் வராது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை பதித்துவைப்பதும் தூக்கத்தில்தான். பள்ளி பஸ் விடியுமுன்பே வந்துவிடும் என்பதால், பஸ் நேரத்தை நாம் மாற்ற முடியாது. கைத்தொலைபேசியை இரவு ஒன்பது மணிக்கெல்லாம் வாங்கிச் சமையலறையில் வைத்துவிட முடியும். அப்பாவுடையதும் அங்கேயே இருந்தால் பிள்ளை மறுபேச்சுப் பேசாது.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தொடங்கியதும் இரும்புச் சத்து குறைய வாய்ப்புண்டு. இரத்தச் சோகை வந்தால் களைப்பும் கவனக் குறைவும் கூடவே வரும். வகுப்பில் மந்தமாக இருக்கும் மகளை ஏசுவதற்கு முன், அரசாங்க கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். கீரை, பயறு, நெத்திலி, ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். வாய்ப்பிருந்தால் கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம். அவை இரும்பு சேர உதவும்.

இனிப் போதை. பாதைகள் நிலைபெறும் காலத்தில் சம்சுவும் பசை முகர்வதும் வேப்பும் உள்ளே புகுந்தால், அவற்றுக்கும் மூளையில் பாதை விழுந்துவிடும். இள வயதில் தொடங்கியவருக்கு விடுவது கடினம் என்பதற்குக் காரணம் இது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது நம் நாட்டில் குற்றம். சட்டம் கடையைக் காக்கட்டும். வீட்டை நாம்தான் காக்க வேண்டும். மகனைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்கிவரச் சொல்லும் தந்தை, அவனுக்கு என்ன பாடம் நடத்துகிறார் என்று யோசிக்கட்டும்.

சொல்லும் விதம்

கிராணி வேலை பழகும் காலத்தில் அவருக்குப் பழக்கம் கொடுப்பதுதான் பெற்றோரின் கடமை. எல்லா முடிவையும் நாமே எடுத்தாலும் பழக்கம் வராது. எல்லாவற்றையும் அவர்கள் இஷ்டத்துக்கு விட்டாலும் வராது. சின்ன முடிவுகளைக் கொடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு இருபது வெள்ளி கொடுத்து, பள்ளிச் சாப்பாட்டுச் செலவை அவர்களே கணக்குப் பார்க்கட்டும். புதன்கிழமையே பணம் தீர்ந்தால் ஏசாதீர்கள். மேலும் பணமும் கொடுக்காதீர்கள். வியாழனும் வெள்ளியும் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகட்டும். அடுத்த வாரம் கணக்குத் தானாக வரும்.

“ஊர் சுத்தப் போறியா?” என்று கேட்டால் பிள்ளை கதவை அறைந்து சாத்தும். “எங்கய்யா போற? யாரோட போற? எத்தன மணிக்கு வருவ?” என்று கேட்டால் பதில் வரும். இரண்டாவது கேள்வி பிள்ளையை முன்கூட்டி யோசிக்க வைக்கிறது. ஆத்திரம் ஏறியிருக்கும்போது புத்திமதி வேண்டாம். அந்த நேரத்தில் அது காதில் ஏறாது. மறுநாள் சோறு போடும்போது பேசுங்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளை எவரோடும் பேசாமல், சாப்பிடாமல், ‘இருந்து என்ன பயன்’ என்பதுபோலப் பேசினால், அதைப் பருவக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேய் பிடித்தது என்று அலையவும் வேண்டாம். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள், கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மூளைக்கும் காய்ச்சல் வருவதுண்டு. மருந்தும் உண்டு.

நிறுத்தி விடலாமா?

இனி, படிப்பை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 13 வயதில் மந்தமாகத் தெரியும் பிள்ளையைப் பற்றி 13 வயதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாதைகள் நிலைத்து, தார் போட்டு முடிய இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது. எந்தப் பாதையில் தினமும் நடக்கிறார்களோ அதுவே நிலைக்கும் என்று பார்த்தோம். படிப்பிலிருந்து இந்த வயதில் பிள்ளையை இழுத்துக்கொண்டால், அந்தப் பாதையில் புல் மண்டுவதற்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். மகள் பெரியவளாகிவிட்டாள் என்பதற்காக வீட்டில் நிறுத்துவதற்கும் இதே விதிதான்.

ஏட்டுப் படிப்பு ஒட்டவில்லையா? மூன்றாம் படிவம் முடித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரி உண்டு. மோட்டார் இயந்திரத்தில் கைவைக்கும் பிள்ளைக்கு அது படிப்பை விடுவது ஆகாது. தனக்குப் பழகிய பாதையில் மேலே போவது ஆகும். இயன்றவரை எஸ்.பி.எம். வரை பிடித்துவையுங்கள். ஒரு மாதச் சம்பளம் இன்று கைக்கு வருவது பெரிதாகத்தான் தோன்றும். நம் தலைக்குள் இருக்கும் கிராணி முதிர்ந்தவர் அல்லவா? பத்தாண்டுக்குப் பின் வரப்போவதைக் கணக்குப் பார்க்க வேண்டிய பொறுப்பு, பிள்ளையைக் காட்டிலும் நமக்குத்தான் அதிகம்.

இன்றிரவு பிள்ளை பள்ளிப்பையை இறக்கி வைத்ததும், மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், “இன்னிக்கு என்னா புதுசாத் தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பதில் வராமல் போகலாம். பத்து நாள் விடாமல் கேளுங்கள்.